மொய் நோட்டும் விட்டுப்போன வீடுகளும்

கல்யாண வீட்டில் யார் யார் வந்தார்கள் என்று சொல்வது சுலபம். வந்தவர் பந்தியில் உட்கார்ந்திருப்பார், போட்டோவில் நிற்பார், மொய் நோட்டில் அவர் பெயர் இருக்கும். யார் யார் வரவில்லை என்று சொல்வதுதான் கஷ்டம். வராதவர் எங்கேயும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் பாருங்கள். "இன்னைக்கு யாரெல்லாம் வரலையோ, அவங்க கை தூக்குங்க" என்று எந்த டீச்சரும் கேட்பதில்லை. முழுப் பெயர்ப் பட்டியலும் கையில் வேண்டும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். 'உள்ளேன் ஐயா' என்ற குரல் வராத இடத்தில்தான் 'வரவில்லை' என்று குறிக்க முடியும்.

கம்ப்யூட்டரின் நிலையும் இதுதான். லட்சம் பேரில் பணம் கட்டியவர்களைக் காட்டு என்றால் நொடியில் காட்டிவிடும். கட்டாதவர்களைக் காட்டு என்றாலும் நொடியில் எதையோ காட்டும். ஆனால், அது சரியான பட்டியல்தானா என்பது, கேட்டவர் கேள்வியை எப்படிக் கேட்டார் என்பதைப் பொறுத்தது. மென்பொருள் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் சில மாதங்களில் அதிகம் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று. மதுரைப் பக்கம், உசிலம்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்து வீட்டில், நான்கு மொய் நோட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே இந்தப் பாடத்தைப் படித்தது.

பெரியவரின் கவலை

அந்த வீட்டுப் பெரியவருக்கு 71 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் காதுகுத்து, சடங்கு, புதுவீடு குடிபுகுந்தது, 2018-ல் நடந்த மகளின் கல்யாணம் என நான்கு விசேஷங்களின் மொய் நோட்டுகளையும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தில் மொய் என்பது வெறும் அன்பளிப்பு கிடையாது. 'செய்முறை' என்பார்கள். ஒருவர் நம் வீட்டு விசேஷத்துக்கு 500 ரூபாய் வைத்தால், அவர் வீட்டில் விசேஷம் வரும்போது நாம் அதற்குக் குறையாமல், முடிந்தால் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். வட்டி இல்லாத கடன், பத்திரம் இல்லாத சேமிப்பு, இரண்டும் அதுதான். வாங்கியவர் திருப்பிச் செய்யாவிட்டால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால், தெருவில் எதிரே வரும்போது பார்வை ஒரு கணம் வேறு பக்கம் திரும்பும். அதற்குத்தான் பயம்.

நாற்பது வருடமாக இந்தக் கணக்கெல்லாம் பெரியவரின் தலைக்குள்ளேயே இருந்தது. யார் எவ்வளவு வைத்தார், எப்போது திருப்பிச் செய்தோம் என்று நோட்டைத் திறக்காமலே சொல்லுவார். கடந்த இரண்டு வருடமாகத்தான் ஞாபகம் நழுவ ஆரம்பித்தது. மேலத்தெரு பால்காரம்மா மகள் கல்யாணத்துக்கு 500 ரூபாய் வைத்தவர். அவருடைய பேத்திக்குக் காதுகுத்து நடந்தது. பத்திரிகை வந்தது, வாங்கி வைத்தார், போக மறந்துவிட்டார். மாதங்கள் கழித்து ஏதோ ஒரு ராத்திரியில் திடுக்கென்று நினைவு வந்திருக்கிறது.

"அந்தம்மா ஒண்ணும் சொல்லலை. தினமும் பால் ஊத்திட்டுத்தான் போகுது. அதான் எனக்குத் தாங்கலை" என்றார் மனைவியிடம்.

ஒரு வீடு விட்டுப்போயிருந்தால் இன்னும் எத்தனை வீடு விட்டுப்போயிருக்குமோ என்பதுதான் அவருடைய கவலை. தம்பி மகன் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நம்ம கல்யாணத்துக்கு மொய் வச்சவங்கள்ல, அதுக்கப்புறம் நாம ஒரு தடவைகூடத் திருப்பிச் செய்யாத வீடு எதெதுன்னு உன் பொட்டியில போட்டுச் சொல்றியாடா ராசா?"

வரி வேறு, வீடு வேறு

பையன் நாலு நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் கொடுத்தான். 'வந்தது' என்று ஒரு பட்டியல்: எந்த வீடு, எந்த விசேஷம், எவ்வளவு. 'செய்தது' என்று இன்னொரு பட்டியல். பெரியவர் தன் சட்டைப்பை டைரிகளில் குறித்து வைத்திருந்தவை எல்லாம் அதில் ஏறின. 2018 கல்யாணத்துக்கு மட்டும் 388 வீடுகள் மொய் வைத்திருந்தன.

அவன் கேட்ட முதல் கேள்வி இப்படி இருந்தது: இரண்டு பட்டியலையும் வீட்டு எண்ணை வைத்துச் சேர்; அதில், நாம் செய்த வருடம் 2018-க்குப் பிறகு இல்லாதவர்களைக் காட்டு. கேட்பதற்குச் சரியாகத்தானே இருக்கிறது?

209 பெயர்கள் வந்தன. முதல் பெயரே பெரியவரின் மைத்துனர். "ஏண்டா, 2022-ல அவன் மகளுக்கு நான்தானே முன்னால நின்னு செஞ்சேன்" என்று சிரித்தார் பெரியவர்.

நடந்தது இதுதான். மைத்துனர் வீட்டுக்கு 2007-ல் ஒரு முறை செய்திருக்கிறார்கள், 2022-ல் ஒரு முறை செய்திருக்கிறார்கள். பட்டியலில் அந்த வீட்டுக்கு இரண்டு வரிகள். கம்ப்யூட்டர் 2022 வரியைத் தள்ளிவிட்டது. 2007 வரி '2018-க்குப் பிறகு இல்லை' என்ற சோதனையில் தேறிவிட்டது. பையன் கேட்டது வீடுகளைப் பற்றி. கம்ப்யூட்டர் பதில் சொன்னது வரிகளைப் பற்றி.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஒரு தடவைகூடச் செய்யாத வீட்டுக்குச் 'செய்தது' பட்டியலில் வரியே கிடையாது. இரண்டு பட்டியலையும் சேர்க்கும்போதே அந்த வீடு காணாமல் போய்விடும். யாரைத் தேடுகிறோமோ அவர் முதல் படியிலேயே வெளியே விழுந்துவிடுகிறார். பால்காரம்மா பெயர் அந்த 209-ல் இல்லை.

"இந்த மாதம் பணம் கட்டாதவர்கள்" என்று கேட்பதற்குப் பதில் "இந்த மாதம் அல்லாத மாதத்தில் பணம் கட்டியவர்கள்" என்று கேட்டால் என்ன வரும்? ஒழுங்காக மாதாமாதம் கட்டுகிறவர்கள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். ஒருமுறையும் கட்டாதவர் நிம்மதியாக வீட்டில் இருப்பார். அதே தவறுதான்.

ஒருவருமே இல்லையாம்!

பையன் கெட்டிக்காரன், பிடித்துக்கொண்டான். கேள்வியை இரண்டாக உடைத்தான். முதலில் 2018-க்குப் பிறகு செய்த வரிகளின் வீட்டு எண்களை மட்டும் எடு. பிறகு, மொய் வைத்த 388 வீடுகளில் அந்த எண்களுக்குள் இல்லாதவற்றைக் காட்டு. எஸ்க்யூஎல் மொழியில் இதற்கு 'நாட் இன்' என்று பெயர். இதற்குள் இல்லை என்று அர்த்தம்.

பதில் வந்தது. பூஜ்யம். ஒரு பெயர்கூட இல்லை.

"பெரியப்பா! ஒரு வீடும் பாக்கி இல்லை. எல்லாருக்கும் செஞ்சு முடிச்சிருக்கீங்க!" என்று பையன் துள்ளினான். பெரியம்மா காபியோடு வந்து, "நான்தான் சொன்னேனே, இவரு தேவையில்லாம மனசைப் போட்டு உழப்பிக்கிறாரு" என்றார்.

பெரியவர் மட்டும் காபியைத் தொடவில்லை.

"இருக்காதுடா. எனக்கு மத்ததெல்லாம் மறந்திருக்கலாம். பால்காரம்மாவுக்குச் செய்யலைங்கிறது மட்டும் நல்லாத் தெரியும். அந்தப் பேராவது வந்திருக்கணுமே. வரலைன்னா உன் பொட்டி பொய் சொல்லுது."

ஞாபகம் நழுவுகிற மனிதர் சொன்ன இந்த வார்த்தை, பட்டியல் போடுகிற யாரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டியது. பதில் நன்றாகத் தெரிந்த ஒரு பெயரைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெறும் பட்டியல் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்பு சந்தேகப்பட வேண்டும். தப்பாக ஒரு பெயர் வந்தால் அந்த ஆளே வந்து சண்டை போட்டுவிடுவார். வராமல் போன பெயருக்காகச் சண்டை போட யாரும் வருவதில்லை.

பேர் இல்லாத ஒரு வரி

மகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். அன்று ராத்திரி வீடியோ காலில் வந்தார்.

"அக்கா, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன். ஆனா காலியா வருது."

"செய்தது பட்டியல்ல வீட்டு எண் காலியா எத்தனை வரி இருக்குன்னு பாருடா தம்பி."

பார்த்தான். ஒரே ஒரு வரி. 2022 ஆவணியில் பெரியவர் டைரியில் எழுதியது: 'டவுன் பஸ்ஸில் கொடுத்துவிட்டது, ரூ.501.' யாருக்கு என்று எழுதவில்லை. எண் போட முடியாததால் பையன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான்.

அந்த ஒற்றை வரிதான் 388 வீடுகளையும் விழுங்கியிருந்தது.

எப்படி? ஒரு வீட்டின் எண் 17 என்று வைத்துக்கொள்வோம். 'இந்தப் பட்டியலுக்குள் 17 இல்லை' என்று கம்ப்யூட்டர் சத்தியம் செய்ய வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் பார்க்கிறது. 5, இது 17 இல்லை. 9, இது 17 இல்லை. இப்படியே வந்து காலியான கட்டத்தில் நிற்கிறது. இது 17-ஆக இருக்குமோ? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பஸ்ஸில் கொடுத்துவிட்ட 501 ரூபாய் அந்த வீட்டுக்கே போயிருக்கலாமே! அதனால் கம்ப்யூட்டரின் பதில் 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது. 'தெரியாது' என்று வரும். 'ஆம்' என்று உறுதியாகச் சொன்ன வரியை மட்டுமே எஸ்க்யூஎல் வெளியே அனுப்பும். திருப்பிச் செய்த வீடுகளுக்குப் பதில் 'இல்லை'. செய்யாத வீடுகளுக்குப் பதில் 'தெரியாது'. இரண்டுமே வெளியே வராது. விளைவு, பூஜ்யம்.

இந்தக் காலிக் கட்டத்துக்கு 'நல்' என்று பெயர். தமிழில் எழுதினால் ஏதோ நல்ல சொல் மாதிரி இருக்கிறது. செய்வதெல்லாம் இந்த வேலைதான். அது பூஜ்யம் அல்ல. 'எவ்வளவு என்று தெரியாது' என்பதும் 'ஒன்றுமில்லை' என்பதும் வேறு வேறு இல்லையா?

இந்த விஷயத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டி, பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஐ.பி.எம் நிறுவனத்தில் சேர்ந்தவர். தகவல்களை எளிய அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடையிலுள்ள உறவைக் கணித முறைப்படி கேட்கலாம் என்று 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு உயிர் கொடுக்கும் மொழியை 1974-ல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் வெளியிட்டார்கள். முதலில் 'சீக்வெல்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வேறொரு நிறுவனம் ஏற்கெனவே பதிவு செய்திருந்ததால் எஸ்க்யூஎல் ஆயிற்று. பாய்ஸ் அதே ஆண்டு, முப்பது வயதுகூட ஆகாத நிலையில் இறந்துபோனார். காட் 1981-ல் கணினித் துறையின் மிகப் பெரிய கௌரவமான டூரிங் விருதைப் பெற்றார். இன்று உங்கள் கைபேசியில் இருக்கும் தொடர்பு எண்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும்கூட இந்த மொழி புரிகிற ஒரு குட்டித் தரவுத்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

காலிக் கட்டங்களில் இரண்டு ரகம் உண்டு என்று காட் 1990-ல் எழுதினார். ஒன்று, விவரம் இருக்கிறது, நமக்குத்தான் தெரியாது. மற்றொன்று, அந்த விவரம் இவருக்குப் பொருந்தவே பொருந்தாது. பஸ்ஸில் போன 501 ரூபாய் முதல் ரகம். இரண்டாவது ரகமும் அந்த வீட்டில் கொஞ்ச நேரத்தில் வந்து நின்றது.

வாசல் வாசலாகக் கேட்பது

மகள் சொல்லிக்கொடுத்த வழி இது.

"பட்டியலை மொத்தமா வச்சுக்கிட்டு 'இதுக்குள்ள இல்லையா'ன்னு கேட்காதடா. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போ. 'இந்த வீட்டு எண் போட்டு, 2018-க்கு அப்புறம், செய்ததுல ஒரு வரியாவது இருக்கா?'ன்னு கேளு. ஒண்ணு இருந்தாலும் அந்த வீட்டை விட்டுடு. ஒண்ணுமே இல்லைன்னா குறிச்சுக்கோ."

இதற்கு 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று பெயர். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பொருள். இங்கே காலிக் கட்டம் தொல்லை தராது. 17-ம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு 17 என்று எழுதிய வரியைத் தேடும்போது, எண் இல்லாத வரி பொருந்தாது, அவ்வளவுதான். மைத்துனர் வீட்டுச் சிக்கலும் இல்லை. 2007 வரி இருந்தாலும் 2022 வரி ஒன்று கண்ணில் பட்டதும் அந்த வீடு கழிந்துவிடும். கேள்வி இப்போது வரியைப் பற்றியது அல்ல, வீட்டைப் பற்றியது.

இன்னொரு வழியும் உண்டு. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இடப்பக்கத்தில் எல்லா வீட்டையும் எழுதிவிட்டு, திருப்பிச் செய்தது இருந்தால் வலப்பக்கத்தில் எழுதுவது, இல்லாவிட்டால் வெறுமையாக விடுவது. கடைசியில் வலப்பக்கம் வெறுமையாக உள்ள வீடுகளை மட்டும் பொறுக்குவது. இதை 'லெஃப்ட் ஜாயின்' என்கிறார்கள். இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். '2018-க்குப் பிறகு' என்ற நிபந்தனையை இரண்டு பக்கத்தையும் பொருத்தும்போதே சொல்லிவிட வேண்டும். பொருத்தி முடித்த பிறகு சொன்னால், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் வீட்டுக்கு வருடமே இருக்காது. சோதனையில் தோற்று, தேடுகிற ஆட்களே ஓடிப்போவார்கள்.

பையன் வாசல் வாசலாகக் கேட்டான். 57 வீடுகள் வந்தன. முதலில் பால்காரம்மாவின் பெயரைத் தேடினான். இருந்தது. பெரியவர் அப்போதுதான் மூச்சுவிட்டார். ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

விசேஷமே நடக்காத வீடு

57-ஐ வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தவர், பத்தாவது பெயரில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவனுக்கு இன்னும் பொண்ணே அமையலை. அவன் வீட்டுல விசேஷமே நடக்கலைன்னா நான் எங்கடா போய்ச் செய்யறது?"

இதுதான் காட் சொன்ன இரண்டாவது ரகம். செய்யவேண்டி இருந்தும் செய்யாதது ஒன்று. செய்வதற்கு இடமே வராதது வேறொன்று. இரண்டுக்கும் நோட்டில் ஒரே வெறுமைதான் தெரியும். அதைப் பிரித்துக் காட்ட மூன்றாவதாக ஒரு பட்டியல் தேவைப்பட்டது. நல்லவேளையாக அதுவும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. வந்த பத்திரிகை ஒவ்வொன்றையும் பெரியவர் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

பையன் அவற்றையும் ஏற்றினான். இப்போது கேள்வி மூன்று பகுதி ஆனது. நமக்கு மொய் வைத்த வீடு. 2018-க்குப் பிறகு பத்திரிகை வைத்த வீடு. அதற்குப் பிறகும் நாம் செய்ததாக ஒரு வரிகூட இல்லாத வீடு. முதல் இரண்டும் 'இருக்கிறது', கடைசி 'இல்லை'. 57 சுருங்கி 14 ஆனது.

வேலை முடிந்தது என்று பையன் நினைத்தான். பெரியம்மா முடிக்க விடவில்லை.

"கொரோனா வருசத்துல யாருடா பத்திரிகை அடிச்சாங்க? அம்பது பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு சொன்னாங்க. கோயில்ல வச்சுத் தாலி கட்டிட்டு வந்துட்டாங்க. அதெல்லாம் உன் கட்டுல இருக்காது."

உண்மைதான். கழித்துக் கண்டுபிடிக்கிற எந்தப் பட்டியலும், அதற்கு அடியில் இருக்கிற பட்டியல்கள் எவ்வளவு முழுமையோ அவ்வளவுதான் முழுமை. கழித்த 43 வீடுகளையும் மறுபடி வாசித்தார்கள். பெரியம்மா மூன்று வீடுகளை நிறுத்தினார். இரண்டு கல்யாணம், ஒரு வளைகாப்பு.

எழுதாததா, செய்யாததா?

அக்கா கடைசியாக ஒன்று சொன்னார்.

"அப்பா, இது நீங்க செய்யாதவங்க பட்டியல் இல்லை. செஞ்சதா நோட்டுல எழுதாதவங்க பட்டியல். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. அம்மாகிட்டயும் ஒரு தடவை கேட்டுக்குங்க."

கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தன்னிடம் எழுதியிருப்பதே முழு உலகம், எழுதாதது நடக்கவில்லை என்றே அது எடுத்துக்கொள்ளும். 'மூடிய உலக அனுமானம்' என்று இதற்குப் பெயர். ரேமண்ட் ரைட்டர் என்ற கணினி அறிஞர் 1978-ல் இதைத் தெளிவாக எழுதி வைத்தார். ரயில் அட்டவணைக்கு இது பொருந்தும். அட்டவணையில் இல்லாத ரயில் இல்லைதான். மனிதர்கள் எழுதுகிற நோட்டுக்கு எல்லா நேரமும் பொருந்தாது.

ஒரு பெயர் ஒழுங்காகப் பொருந்தாவிட்டால் என்ன ஆகிறது என்று யோசித்தால் இது புரியும். 'செய்தவர்களைக் காட்டு' என்ற கேள்வியில் எழுத்துப் பிழை இருந்தால் ஒரு பெயர் விட்டுப்போகும், அவ்வளவுதான். 'செய்யாதவர்களைக் காட்டு' என்ற கேள்வியில் அதே பிழை இருந்தால், செய்து முடித்தவர் செய்யாதவராக வந்து நிற்பார். பிழை பழியாக மாறிவிடுகிறது. பணம் கட்டிய வீட்டுக்கு 'ஸ்கூல் ஃபீஸ் கட்டவில்லை' என்று குறுஞ்செய்தி வருவதும், தடுப்பூசி போட்ட குழந்தையின் அம்மாவை 'ஏன் போடவில்லை' என்று போனில் கேட்பதும் இப்படி நடக்கலாம். வேறு ஊரில் போட்டிருப்பார்கள், வேறு எண்ணில் பதிவாகியிருக்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் இப்படி வரும் பட்டியலை வைத்துக்கொண்டு யாரையும் திட்ட மாட்டார்கள். "எங்க பதிவுல இல்லை, போட்டாச்சா?" என்று கேட்பார்கள்.

இந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. 14-ல் மூன்று வீடுகளுக்குப் பெரியவர் மகன்களின் பெயரில் செய்திருந்தார். தனிக்குடித்தனம் போன மகனுக்குப் பையன் வேறு எண் கொடுத்திருந்தான். இன்னொரு வீட்டின் பெயரைக் கேட்டதும் பெரியம்மா, "அந்த ஆவணியில உங்களுக்குக் கண் ஆபரேஷன். போக முடியாம, நான்தான் பஸ்ஸில போற அவங்க மச்சினன்கிட்டக் குடுத்துவிட்டேன்" என்றார். 501 ரூபாய்க்கு உரிய வீடு கிடைத்துவிட்டது. காலிக் கட்டத்தில் பையன் எண்ணை நிரப்பினான்.

மீதி 10 வீடுகள். பெரியம்மா சொன்ன மூன்று. மொத்தம் 13.

வெற்றிலை பாக்கோடு

விசேஷம் முடிந்து வருடம் கழித்து மொய் வைக்கலாமா என்று ஊரில் சிலர் கேட்கத்தான் செய்தார்கள். "விட்டுப்போனதை எப்ப வேணும்னாலும் செய்யலாம்" என்றார் பெரியவர். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கவரில் பணம். தினம் ஒரு வீடு, சில நாள் இரண்டு வீடு. பையன் பைக்கில் அழைத்துப் போனான். அச்செடுத்த தாளில் ஒவ்வொரு வீடாக அடித்துக்கொண்டே வந்தார்கள்.

முதலில் போனது மேலத்தெருவுக்கு. பால்காரம்மா பதறிப்போய் எழுந்து, முந்தானையால் திண்ணையைத் துடைத்தார்.

"இதுக்காகவா அண்ணே வந்தீங்க? நான் அதை மறந்தே போயிட்டேன். அக்காகிட்டக் குடுத்தனுப்பக் கூடாதா?"

"மறந்தது நான்தான் தாயி" என்று தட்டை நீட்டினார் பெரியவர். உள்ளே 1,001 ரூபாய்.

பால்காரம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டார். மருமகள் நீளமான நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். தேட வேண்டி இருக்கவில்லை, பக்கம் சட்டென்று விரிந்தது. இவர்கள் ஊருக்குச் செய்தது எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. திரும்பி வந்தவற்றுக்கெல்லாம் ஓரத்தில் டிக் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் டிக் இல்லாதது ஒரே ஒரு பெயர்தான்.

பையன் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியவர் பேனாவை எடுத்து மருமகளிடம் கொடுத்தார்.